ஜாஸ் ஆல்பத்துக்கு நட்சத்திரம் போட்டால் போதுமா?

குன்னூர் கேட்பாளர்:
நம் ஊட்டி ஜாஸ் ரசிகர் கூடுகையில் இனி புது ஜாஸ் ஆல்பங்களுக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடலாமாம். எனக்கு உடன்பாடில்லை. 1962 ஜனவரியில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்துக்கு அமெரிக்க ஜாஸ் இதழான 'டவுன்பீட்' இரண்டு விமர்சனம் போட்டது. பீட் வெல்டிங் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார், ஜான் டைனன் ஒன்றுகூடத் தரவில்லை. இதில் வாசகர் எதை நம்புவது? அந்த ஆல்பத்தில் இடது காதில் ஒரு நால்வர் குழு, வலது காதில் இன்னொன்று. ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் எட்டுப் பேரும் ஒன்றாகக் குழம்பி வெறும் இரைச்சலாகிவிடும். ஹெட்ஃபோனில் கேளுங்கள் என்ற ஒரு வரி எந்த நட்சத்திரத்தையும்விட உதவும்.

கொடை சாக்ஸ்:
சார், சாக்ஸபோன் கலைஞர் கமாசி வாஷிங்டனின் 'தி எபிக்' (2015) மூன்று இசைத்தட்டு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கேட்கலாமா வேண்டாமா என்று புதிதாக வருகிறவருக்குச் சட்டென்று சொல்ல நட்சத்திரம்தான் வழி.

குன்னூர் கேட்பாளர்:
எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று எழுதுங்களேன், அதுதான் வழி.

கொடை சாக்ஸ்:
பாடகி சமாரா ஜாயின் 'லிங்கர் அவைல்' (2022) எடுத்துக்கொள்வோம். 2023இல் கிராமியின் சிறந்த புதுமுகம் அவர்தான். குரல் அருமை, ஆனால் பழைய பாட்டு, பழைய பாணி. மூன்றுக்கு மேல் தரமாட்டேன்.

கோத்தகிரி டிரம்ஸ்:
அதில் 'நாஸ்டால்ஜியா' கேட்டீர்களா? அந்தக் கால டிரம்பெட் கலைஞர் ஃபேட்ஸ் நவாரோவின் சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) சமாரா ஜாயே சொல் எழுதிப் பாடியிருக்கிறார். டிரம்பெட்டுக்குப் பிறந்த தாவல்களைத் தொண்டையில் பிடிப்பது சாதாரணமில்லை. 'பழைய பாணி' என்றால் இந்த உழைப்பே மறைந்துபோகிறது.

எழுதுமுன் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பேஸையும் (அடிநாதக் கம்பி வாத்தியம்) ரைடு சிம்பலையும் (டிரம்மர் தாளத்தை நடத்தும் உலோகத் தட்டு) மட்டும். அடுத்து, 32 பார் (தாள அளவு) பாட்டானால் ஒவ்வொரு சோலோவும் அந்த 32ஐ எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணி, நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில்தான் முழுசாக. இன்னொன்று, மழையில் சிக்னல் இறங்கினால் ஒலித்தரத்தைத் தானியங்கியாக ('ஆட்டோ') வைத்திருக்கும் பாட்டுச் செயலி தரத்தைக் குறைத்துவிடும். சிம்பல் 'ஷ்ஷ்' என்று குழையும், பழி டிரம்மர் மேல் விழும். 320 கேபிபிஎஸ் என்ற உயர் ஒலித்தரத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக் கேளுங்கள்.

கொடை சாக்ஸ்:
இதெல்லாம் சரிதான் அண்ணா, நட்சத்திரத்தை விடமாட்டேன். ஒரே ஆள் தொடர்ந்து போட்டால் அவர் ரசனை நமக்குப் பிடிபடும். அவருடைய மூன்று நமக்கு நான்கு என்று கணக்குப் போடலாம்.

குன்னூர் கேட்பாளர்:
பெயரோடு தனித்தனியாக என்றால் போடுங்கள். சராசரி மட்டும் வேண்டாம். ஐந்துக்கும் பூஜ்ஜியத்துக்கும் சராசரி இரண்டரை, வெல்டிங்கும் அதைச் சொல்லவில்லை, டைனனும் சொல்லவில்லை.