ஸ்காபுரோவிலிருந்து வன்கூவர் தீவுக்கு: குளிருக்காகக் குடும்பத்தோடு ஊர் மாறலாமா?

வடலி:
வணக்கம் உறவுகளே. போன பெப்ரவரியில் அம்மா வீட்டு வாசலில் ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, பயம் போகவில்லை. ஏப்ரல் வரை வெளியே கால் வைக்கவில்லை. அவருக்கு 72 வயது, நீரிழிவும் முழங்கால் வாதமும் இருக்கிறது.

எனக்கு வீட்டிலிருந்து செய்கிற வேலை. பி.சி.யில் (பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில்) இருந்து செய்யலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மகனுக்கு 13, மகளுக்கு 8. வன்கூவர் தீவில் டங்கன் அல்லது நனைமோ என்று யோசிக்கிறோம். ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபுரோவில், தனிவீடு பத்து லட்சம் டொலரைச் சுற்றி நிற்கிறது, டங்கன் பக்கம் ஏழெட்டு லட்சத்துக்கு வளவோடு வீடு தெரிகிறது. ஆனால் காசு எனக்கு இரண்டாவது விஷயம். அம்மா ஒவ்வொரு வருடமும் ஐந்து மாதம் யன்னலுக்குள் அடைந்து கிடப்பதை இனியும் பார்க்க முடியாது. போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், போகவே கூடாது என்பவர்கள், எல்லாரும் மனம்விட்டு எழுதுங்கள்.

வரணியூரான்:
தம்பி, போகாதீர்கள். சுற்றி வளைக்காமலே சொல்கிறேன்.

உங்கள் அம்மா இப்போது டொக்டரிடம் தன் வாயால் தமிழில் வருத்தம் சொல்கிறார். மருந்துக் கடையில் தமிழ், மரக்கறிக் கடையில் தமிழ். ரிச்மண்ட்ஹில் பிள்ளையாருக்கோ ஸ்காபுரோ கந்தசாமிக்கோ போனால் தெரிந்த முகம் பத்தாவது இருக்கும். செத்தவீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் கூட்டிப் போக ஆள் இருக்கும். டங்கன் நகரசபை எல்லைக்குள் சனத்தொகை ஐயாயிரம்தான். சுற்றியுள்ள நோர்த் கௌவிச்சனில் இன்னொரு முப்பத்திரண்டாயிரம். அதில் எத்தனை பேரோடு அம்மா கதைக்கப் போகிறார்?

2010 ஓகஸ்ட்டில் 492 தமிழ் அகதிகளோடு வந்த கப்பல் கரை சேர்ந்தது இதே தீவில்தான், எஸ்குவைமால்ற் துறையில். தடுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு அவர்களில் பலர் எங்கே வந்தார்கள்? ரொறன்ரோவுக்கு. காலநிலை தெரியாமலா வந்தார்கள்? சனம் இங்கே இருந்தது, அதனால் வந்தார்கள்.

நனைமோ_கலா:
வரணியூரான் அண்ணா, அந்தக் கப்பலில் வந்தவர்களுக்கு வழக்கறிஞரும் உறவினரும் வேலையும் உடனே தேவைப்பட்டது. வடலி தம்பிக்கு வேலையும் குடியுரிமையும் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

நாங்கள் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரிலிருந்து நனைமோவுக்கு வந்தோம், மாமியும் எங்களோடுதான். இங்கே ஜனவரியில் சராசரி வெப்பநிலை மூன்று பாகை அளவில் இருக்கும். ரொறன்ரோவில் அதே மாதம் பூச்சியத்துக்குக் கீழே நாலு, ஐந்து. எண்ணிக்கையில் ஏழெட்டுப் பாகைதான், ஆனால் அந்த எட்டுப் பாகைக்கு நடுவில் நீர் உறைகிற கோடு ஓடுகிறது. ஒரு பக்கம் ஈரமான நடைபாதை, மற்றப் பக்கம் ஐஸ். முழங்கால் வாதக்காரருக்கு இதுதான் முழு வித்தியாசமும். ஸ்நோ இங்கேயும் வருடத்தில் சில தடவை விழும், ஆனால் பெரும்பாலும் சில நாளில் கரைந்துவிடும்.

மாமி மழைக்கோட்டும் பிடிமானமான சப்பாத்தும் போட்டுத் துறைமுகக் கரையோர நடைபாதையில் டிசம்பரிலும் நடக்கிறார். ஸ்காபுரோவில் ஒக்ரோபரில் வாடுகிற தோட்டம் இங்கே குளிர்காலத்திலும் ஏதோ தருகிறது. அத்திமரம் வெளியிலேயே காய்க்கும். நோர்த் கௌவிச்சனில் தேயிலைகூட வளர்க்கிறார்கள். அதைப் பார்த்த அன்று மாமி அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. முருங்கைக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள், கறிவேப்பிலையும் சட்டியில், வீட்டுக்குள்தான்.

வரணியூரான்:
தங்கச்சி, தேயிலையையும் அத்தியையும் சொன்னீர்கள், மழையை ஒரு சொல்லோடு கடந்துவிட்டீர்கள். நனைமோவில் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில். ரொறன்ரோவில் குளிர் கடுமைதான், ஆனால் நீல வானமும் வெயிலும் உள்ள நாட்கள் கிடைக்கும். அங்கே வாரக்கணக்கில் சாம்பல் வானம். அதோடு வடக்கே இருப்பதால் டிசம்பர் நடுவில் பகல் இங்கே இருப்பதைவிட முக்கால் மணி நேரம் குறைவு. எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தனிமையில் இருக்கிற வயதானவருக்கு அந்த இருட்டு என்ன செய்யும் என்று யோசித்தீர்களா?

தீவு என்பதையும் மறக்கக் கூடாது. 2018 டிசம்பர் 20 புயலில் பி.சி. முழுவதும் ஏழரை லட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் போனது. தீவில் சிலர் நாட்கணக்கில் இருட்டில் இருந்தார்கள். 2021 நவம்பர் மழையில் விக்ரோரியாவையும் டங்கனையும் இணைக்கிற மலஹாட் நெடுஞ்சாலை சேதமாகி மூடப்பட்டது. தீவிலும் ஒரு தடவைக்கு 30 லீற்றர் பெற்றோல்தான் என்று கட்டுப்பாடு வந்தது. காற்று பலமாக அடித்தால் தீவுக்கு வரும் பெரிக் கப்பல் ஓடாது. நிலநடுக்கத்தைப் பற்றி நான் பேசவே தொடங்கவில்லை. 1946 ஜூனில் 7.3 அளவில் அந்தத் தீவையே உலுக்கியது.

நனைமோ_கலா:
எல்லாம் உண்மை. 1996 டிசம்பர் கடைசியில் விக்ரோரியாவில் ஒரே நாளில் 65 சென்ரிமீற்றர் ஸ்நோ கொட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறைக்க எனக்கு எதுவும் இல்லை.

ஆனால் 2013 நத்தார் வாரத்து ஐஸ் புயல் ஸ்காபுரோக்காரருக்கு மறந்துபோகுமா? ரொறன்ரோவில் மூன்று லட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் இல்லை, வெளியே உறைநிலைக்கு எவ்வளவோ கீழே. இங்கே மின்சாரம் போனால் இரண்டு போர்வை போதும், அங்கே குழாய் உறையும். 2025 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் அரை மீற்றர் ஸ்நோ விழுந்தபோது எத்தனை அம்மாமார் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

சாம்பல் வானம் எனக்கும் முதல் வருடம் கஷ்டமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயில் இருந்தும் வெளியே போக முடியாதவருக்கு அந்த வெயில் யன்னல் வெயில்தானே அண்ணா?

தென்றல்_ஒன்ராறியோ:
இவ்வளவு தூரம் ஏன்? வின்ட்சர், லீமிங்ரன் பக்கம் பாருங்கள். கனடாவின் தென்கோடி. நாலு மணி நேரம் ஓடினால் ஸ்காபுரோ, ஹெல்த் கார்ட் கூட மாற்றத் தேவையில்லை.

நனைமோ_கலா:
கோடையில் அருமையான இடம். ஆனால் வின்ட்சரிலும் ஜனவரி சராசரி பூச்சியத்துக்குக் கீழே நாலு அளவில்தான், ஸ்நோவும் ரொறன்ரோ அளவுக்கு விழும். வடலியின் பிரச்சினை ஐஸ். அது அங்கே தீராது.

தாதி_விக்ரோரியா:
நான் தீவில் தாதியாக வேலை செய்கிறேன். சண்டைக்கு வரவில்லை, ஆனால் இருவருமே தொடாத இடம் இருக்கிறது.

குடும்ப டொக்டர்: பதிவுப் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். 2023இல் பி.சி. அரசு டொக்டர்களுக்குப் பணம் கொடுக்கும் முறையை மாற்றிய பிறகு நிலைமை முன்னேறியது, ஆனாலும் வந்த மாதமே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். ஒன்ராறியோவிலும் பல லட்சம் பேருக்குக் குடும்ப டொக்டர் இல்லை என்பது சரி. ஆனால் உங்கள் அம்மாவுக்கு இருக்கிறார், அதுவும் தமிழ் பேசுகிறவர். அதை விட்டுவிட்டு வருகிறீர்கள். இங்கே தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். நீரிழிவுக்காரர் தன் காலில் எரிவு எப்படி இருக்கிறது என்று மூன்றாம் ஆள் வழியாகச் சொல்வது அதே போல இராது.

மருந்து: ஒன்ராறியோவில் 65 வயதுக்கு மேல் மாகாணமே பெரும்பகுதி மருந்துச் செலவை ஏற்கிறது. பி.சி.யில் வயதுக்கு அல்ல, வருமானத்துக்கு ஏற்ற திட்டம். அம்மாவின் சொந்த வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல. அதனால் பெரிய சுமை வராது, ஆனால் பதிவு செய்தே ஆக வேண்டும். மாகாண மருத்துவக் காப்புறுதி வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் இன்னும் இரண்டு முழு மாதங்களும் கழித்துத்தான் தொடங்கும். அதுவரை ஒன்ராறியோ அட்டை செல்லும். ஆனால் அது மாகாணத்துக்கு வெளியே எல்லாவற்றையும், குறிப்பாக அம்புலன்ஸ் கட்டணத்தை, ஏற்காது.

இருதய அறுவைச் சிகிச்சை தீவில் விக்ரோரியா றோயல் ஜூபிலி மருத்துவமனையில் மட்டும். நனைமோவில் பெரிய பொது மருத்துவமனை இருக்கிறது. டங்கனுக்கு அருகில் புதிய மருத்துவமனை கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் 72 வயதில் நீரிழிவு உள்ளவரோடு வருகிறவர்கள் டங்கனைவிட நனைமோவைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு: இங்கே பொதுப் பணத்தில் நடக்கும் இல்லங்களில் வேலை செய்யப் பராமரிப்பாளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஒன்ராறியோச் சான்றிதழை மதிப்பிட நேரம் எடுக்கும், இப்போதே விண்ணப்பியுங்கள். ஆட்கள் தேவை, வேலை கிடைக்கும்.

வடலி:
அக்கா, மிக்க நன்றி. மருந்து விஷயம் எங்களுக்குத் தெரியாது. மனைவியின் வேலை பற்றிய பயமும் பாதி குறைந்தது. என்னுடைய வேலை பற்றி நானே யோசிக்கிறேன். 2025 டிசம்பரில் க்ராப்ரன் ஊரிலுள்ள காகிதக் கூழ் ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள், டங்கனிலிருந்து கிட்டத்தான். ஏறக்குறைய 350 பேர் வேலை. என் நிறுவனம் நாளை மனம் மாறினால் அப்படிப்பட்ட ஊரில் எனக்கு வேறு வேலை எங்கே?

கடலோரக்_குருவி:
நான் இந்தத் தீவில், கோர்ட்னியில் வளர்ந்தவள். பள்ளியில் ஒரே தமிழ்ப் பிள்ளை. எல்லாரும் அம்மாவைப் பற்றிக் கதைக்கிறீர்கள், 13 வயது மகனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

8 வயது மகள் சமாளித்துவிடுவாள். எனக்கு வந்தபோது ஏழு வயது. கடலும் காடும் எனக்குப் பிடித்துப்போனது, நல்ல சிநேகிதிகள் கிடைத்தார்கள், பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் என் அண்ணாவுக்கு அப்போது பதினாலு. கூட்டாளிகள், கிரிக்கெற், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாவற்றையும் ஒரே கோடையில் இழந்தான். வீட்டில் சொல்லவே இல்லை. படிப்பு முடிந்ததும் முதல் வேலையாக ரொறன்ரோவுக்குப் போய்விட்டான், இப்போதும் அங்கேதான். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளியில் தமிழைப் பாடமாகவே எடுத்துப் புள்ளி பெறலாம். எனக்கு அது கிடைக்கவில்லை. தமிழ் வாசிக்க நான் பல்கலைக்கழகத்தில்தான் பழகினேன்.

வரணியூரான் மாமா சொல்வது போலத் தீவு பாலைவனம் அல்ல. தெற்காசியர்கள் இங்கே நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள். டங்கனுக்கு மேற்கே மேயோ சிங் என்பவர் மரஆலை வைத்து உருவாக்கிய பால்டி கிராமத்தில் 1919இலேயே குருத்வாரா இருந்தது, இன்றும் இருக்கிறது. எங்கள் அம்மா தமிழர் இல்லாத குறையைப் பஞ்சாபிப் பெண்களோடுதான் தீர்த்துக்கொண்டார். அரைகுறை ஆங்கிலத்தில் சமையல் கதைப்பார்கள். அந்த அளவுக்கு உங்கள் அம்மாவும் பழகுவாரா என்பது அவரவர் சுபாவம்.

வரணியூரான்:
பிள்ளை, பாலைவனம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அண்ணாவின் கதையைத்தான் நான் வேறு விதமாகச் சொல்ல முயன்றேன். தம்பி, அம்மாவிடம் கேட்டீர்களா? அவர் போக விரும்புகிறாரா?

வடலி:
கேட்டேன் அண்ணா. "பிள்ளையள் போற இடத்துக்கு நானும் வாறன்" என்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டத்தைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்றுகிறார்.

வரணியூரான்:
அது சம்மதம் இல்லை. எங்கள் தாய்மார் பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள். அவர் கதையை மாற்றுகிற இடத்தில்தான் பதில் இருக்கிறது. ஐஸுக்குப் பயமென்றால் வாசலுக்குக் கைப்பிடி போடுங்கள், குளிர்காலத்தில் தினமும் யாராவது மோலுக்குக் கூட்டிப் போங்கள். உள்ளே நடக்கட்டும், அங்கே நூறு தமிழ்ச் சனம் நடக்கிறது. நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கான ரொறன்ரோ வாகனச் சேவை வீல்-ட்ரான்ஸுக்கு விண்ணப்பியுங்கள். இதையெல்லாம் செய்து பார்த்த பிறகு மாகாணம் மாறலாம்.

நனைமோ_கலா:
அண்ணா, யார் கூட்டிப் போவது? வீட்டில் இருவரும் வேலை. "யாராவது" என்பது கடைசியில் வடலியின் மனைவிதான். அவர் நாள் முழுக்க மற்றவர்களின் பெற்றோரைத் தூக்கி இருத்திவிட்டு வருகிறவர். என் மாமி ஒருவரையும் எதிர்பாராமல் தானே சப்பாத்துக் கட்டிக்கொண்டு போகிறார். தன் விருப்பத்துக்கு வெளியே போய் வருவது வயதானவருக்குச் சின்ன விஷயம் இல்லை, அதைக் கொடுக்க என்னால் ஸ்காபுரோவில் முடியவில்லை. தமிழ்ச் சனத்தை மாமி இழந்தார் என்பதும் உண்மை. தினமும் தொலைபேசியில் சகோதரியோடு கதைக்கிறார், மூன்று மணி நேர வித்தியாசத்தால் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் அங்கே எல்லாரும் படுக்கப் போய்விடுகிறார்கள் என்று குறைப்படுவார்.

தாதி_விக்ரோரியா:
வடலி, வீட்டை விற்காதீர்கள். அடுத்த குளிர்காலத்துக்கு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கட்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை, மழையும் இருட்டும் உச்சத்தில் இருக்கும்போது. ஓகஸ்ட்டில் வந்து பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தீவு பிடிக்கும். தற்காலிகமாக வந்தால் ஒன்ராறியோ அட்டையும் அங்குள்ள டொக்டரும் கையை விட்டுப் போகாது. மூன்று மாத மருந்தை முன்பே எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

வடலி:
மனைவியோடு கதைத்தேன். நவம்பரில் நானும் அம்மாவும் வருகிறோம், நனைமோவில் வாடகைக்கு. மனைவி பதிவேட்டு விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டா. மகனிடம் நேற்று இரவு கதைத்தேன். கடலோரக்_குருவி எழுதியதை வாசிக்கக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பை இங்கேயே தொடங்க வேண்டும் என்றான், அதை மாற்ற மாட்டோம் என்று சொல்லியிருக்கிறேன்.

கலா அக்கா, மாமி நடக்கிற பாதைக்கு நடந்து போகிற தூரத்தில் மாடிப்படி இல்லாத வீடு கிடைக்குமா?

நனைமோ_கலா:
கிடைக்கும். லிப்ட் உள்ள அடுக்குமாடி பாருங்கள், நகர மையத்துக்குக் கிட்ட. நனைமோ மலைச்சரிவில் ஏறுகிற ஊர், வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டுவது முழங்காலுக்கு அரை மணி நேரமாகலாம். செப்டெம்பரில் தனிமடல் போடுங்கள், நான் நேரில் போய் ஏற்றத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

வரணியூரான்:
என் கருத்து மாறவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து யாராவது அம்மாவுக்கு அழைக்க ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். உங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு முதல். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறா, இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன்.