ஐப்பசியில் பிள்ளை வருது: பாயா, மெத்தையா, தூளியா? என்னென்ன வாங்கணும்?

பெருமாள்புரம்_மருமவன்:
வணக்கம். வீட்டம்மாவுக்கு ஐப்பசி கடைசியில நாள் குறிச்சிருக்காங்க. பேறுகாலம் தாய்வீட்டுல, கல்லிடைக்குறிச்சியில. பழைய ஓட்டு வீடு, நடுவுல தேக்கு உத்திரம். மூணு மாசம் கழிச்சுத்தான் இங்க பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டு வரணும், இது கான்கிரீட் வீடு. கடைக்குப் போனா குடை கொசுவலை, குட்டித் தலையணை, ரெண்டு பக்கத்துக்கும் உருளைத் திண்டு, பஞ்சு மெத்தை எல்லாத்தையும் ஒரே செட்டா எடுத்து நீட்டுதாங்க. மாமியார் கடுகுத் தலையணை தச்சு வச்சாச்சு, தலை உருண்டையா வரணுமாம். ஆச்சி என்னடான்னா, "பத்தமடைப் பாயும் ஒரு நூல் சேலையும் போதும், தூளி கட்டிரலாம்"ங்காங்க. யார் சொல்லுதது சரி? அடைமழையில துணி எத்தனை வேணும்? உத்திரத்துல தொட்டில் எப்படிக் கட்டணும், கான்கிரீட்ல எப்படி? கார்ல கூட்டிட்டு வரதுக்குத் தனி சீட்டு வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_அக்கா:
தம்பி, ஆச்சி சொன்னதுல பாய் முழுக்கச் சரி, தூளி பாதிதான் சரி. கடைக்காரர் செட்டுல வலை மட்டும் சரி. கடுகுத் தலையணையை மாமியார் மனசு நோகாம வாங்கி பீரோவுல வச்சிருங்க.

முதல்ல படுக்கை. பிள்ளை படுக்குத இடம் சமமா இருக்கணும், அமுங்கக் கூடாது. மெத்தை மேல உள்ளங்கையை நல்லா அழுத்தி எடுங்க. பள்ளம் அப்படியே நின்னா அது பிள்ளைக்கு ஆகாது. புது இலவம்பஞ்சு மெத்தை இந்தச் சோதனையில தேறவே தேறாது. மூஞ்சி பக்கவாட்டுல திரும்பி அந்தப் பள்ளத்துல புதைஞ்சா, தலையைத் தூக்கி எடுக்கப் பச்சப்பிள்ளை கழுத்துக்குத் தெம்பு கிடையாது. அதுக்கு நம்ம கோரைப்பாய் எவ்வளவோ மேல். தரையில பாய், அதுமேல நாலா மடிச்ச பருத்திப் போர்வை சுருக்கம் இல்லாம, அதுமேல ரப்பர் ஷீட், கடைசியா ஒரு பருத்தித் துணி. துணியோட ஓரத்தை நாலு பக்கமும் அடியில சொருகிருங்க. ரப்பர் ஷீட்டை உடம்புல நேரா படவிடாதீங்க, வேர்த்து வேர்க்குரு வரும். படுக்கை அவ்வளவுதான். ஒரு வயசு வரைக்கும் தலையணை, திண்டு, பொம்மை, கனத்த கம்பளி எதுவும் அதுக்குள்ள வரக் கூடாது.

பிள்ளையைத் தூங்கப் போடும்போது எப்பவும் மல்லாக்கத்தான், பகல் தூக்கமானாலும் சரி. "கக்கினா புரையேறுமே"ன்னு வீட்டுல ஆளாளுக்குச் சொல்லுவாங்க. நடக்குதது நேர்மாறு. மல்லாந்து கிடக்கையில மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கு. கக்கினது மேல ஏறி மூச்சுக்குழலுக்குள்ள போறது கஷ்டம். குப்புறப் போட்டா அந்தக் கணக்கு தலைகீழாயிரும்.

தலை உருண்டையா வரதுக்குக் கடுகு வேண்டாம். இன்னைக்கு வடக்க தலை வச்சா நாளைக்குத் தெக்க வைங்க. சத்தமும் வெளிச்சமும் வாற பக்கம் பிள்ளை தலையைத் திருப்பும், ஒரே பக்கம் அமுங்காது. முழிச்சிருக்கும்போது நீங்க பக்கத்துலயே இருந்து மூணு நாலு நிமிசம் குப்புறப் போடுங்க, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. கழுத்தும் பலப்படும்.

தாயும் பிள்ளையும் ஒரே அறையில, ஆனா பாய் தனித்தனி. கை நீட்டினா எட்டுத தூரம் போதும், பால் குடுத்துட்டு அதோட பாய்க்கு மாத்திரணும். மழைக்குளிர்னு சொல்லிப் பொதிஞ்சு வைக்காதீங்க. பெரியவங்க போட்டிருக்கதைவிட ஒரு அடுக்கு கூட, அவ்வளவுதான். கைகால் சில்லுனு இருக்கத வச்சு முடிவு பண்ணாதீங்க, நெஞ்சுலயோ பிடரியிலயோ தொட்டுப் பாருங்க. அங்க வேர்த்திருந்தா துணி கூடிப்போச்சு. தூங்கும்போது குல்லா வேண்டாம். துணி சுத்துனா இடுப்புக்குக் கீழ லூசா இருக்கணும், கால் தவளை மாதிரி மடங்கி விரியணும். காலை நீட்டிக் கட்டினா இடுப்பு மூட்டு விலகலாம். புரளப் பாக்குதான்னு தெரிஞ்ச அன்னைக்கே சுத்துதத நிறுத்திருங்க.

கொசுவலை பகல்லயும் வேணும், டெங்குக் கொசு பகல்லதான் கடிக்கும். குடைவலையில ஓரம் முழுக்கத் தரையோட படியுதான்னு பாத்து வாங்குங்க. கம்பி தூக்கிட்டு நின்னா ஒரு கொசு உள்ள போய் விடிய விடியக் கடிக்கும். பிள்ளை உருள ஆரம்பிச்சதும் குடைவலையை விட்டுட்டு மேலருந்து தொங்குத பெரிய வலைக்கு மாறுங்க. வலைக்கும் மூஞ்சிக்கும் நடுவுல எப்பவும் இடம் இருக்கணும். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை ரெண்டும் பிள்ளை இருக்கத அறையில வேண்டாம். நொச்சிப் புகையும் புகைதான்.

எட்டாம்_வார்டு_வம்பன்:
என்னக்கா, ஊர்ல பாதிப் பேரு தூளியில ஆடினவங்கதான, எல்லாரும் மூச்சோடதான இருக்கோம்?

வார்டு_அக்கா:
இல்லாமப் போனது வந்து பதில் எழுதாது வம்பா. தூளியில துணி உள்வாங்கி முதுகு வில்லா வளையும், தாடை நெஞ்சுல போய் முட்டும். பச்சப்பிள்ளை மூச்சுக்குழல் பப்பாளித் தண்டு மாதிரி, மடங்குனா காத்து நின்னுரும். அழுகைச் சத்தம்கூட வராது. அமெரிக்காவுல 2022ல சட்டம் போட்டு, 10 பாகைக்கு மேல சாஞ்ச தூங்கு சாமான்களையும் பஞ்சு அடைச்ச பக்கத் திண்டையும் விக்கவே கூடாதுன்னுட்டாங்க. தூளி ஆத்துததுக்கு, பாய் தூங்குததுக்கு. அழுத பிள்ளையைத் தூளியில போட்டுப் பக்கத்துல நின்னு ஆட்டுங்க, கண்ணு சொருகினதும் எடுத்துப் பாய்ல மல்லாக்கப் போடுங்க. ஆட்டி விட்டுட்டு அடுப்படிக்குப் போறதுதான் தப்பு. மாசம் நிறையாமப் பிறந்ததோ எடை குறைவானதோ ஆனா, டாக்டர் சரின்னு சொல்லுத வரைக்கும் தூளியே வேண்டாம்.

உளியும்_சுத்தியலும்:
மருமவப்பிள்ளை, கட்டுத விசயத்தை நான் சொல்லுதேன்.

தேக்கு உத்திரம்னு நம்பி உடனே கட்டிராதீரும். கொட்டாப்புளியால ரெண்டு முனையையும் நடுவையும் தட்டிப் பாரும். "டொக்கு"ன்னு கேட்டா உள்ள கறையான் தின்னுருக்கு, "டங்"னு கேட்டா நயம். சந்தேகமா இருந்தா ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாரும், பொதக்குன்னு இறங்கப் பிடாது. செவத்துக்குள்ள போற முனையிலதான் ஓட்டுத் தண்ணி எறங்கி உளுத்துப்போகும், அதனால செவரை ஒட்டி ஒரு சாண் விட்டுக் கட்டும். உத்திரத்துல ஆணியோ ஸ்க்ரூ கொக்கியோ அடிக்க வேண்டாம், ஆட ஆட மரை இளகிரும். பெருவிரல் கனத்துக் கயித்தை ரெண்டு சுத்துச் சுத்தித் தொங்க விடும். கயிறு மரத்தோட கூர்விளிம்புல படுத இடத்துல சாக்குத் துண்டு மடிச்சு வையும், இல்லன்னா மூணே மாசத்துல அறுத்துரும்.

கான்கிரீட்ல வார்க்கும்போதே கம்பிக் கொக்கி விட்டிருந்தா யோகம். இல்லன்னா 10 மி.மீ. கனத்துக்குக் குறையாத ஆங்கர் கொக்கி. துளை ஆழத்தை அளக்கும்போது மேல்பூச்சுக் கனத்தைக் கழிச்சுக்கிடணும், பூச்சு எந்தப் பாரத்தையும் தாங்காது. ஃபேன் கொக்கியில மாட்டவே மாட்டாதீரும். அது அசையாமத் தொங்குத ஃபேனுக்கு வச்சது, ஆட்டத்துக்கு இல்ல.

மாட்டினதும் 25 கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பத்து நிமிசம் நல்லா ஆட்டும். மறுநாள் பாத்தா பூச்சுல கீறலோ கொக்கியில அசைவோ இருக்கப் பிடாது.

துணி நூல் சேலைதான். நைலக்ஸ், பாலியெஸ்டர் வழுக்கும், முடிச்சு இளகும், காத்தும் போகாது. பழசா இருந்தா வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாத்து, ரெண்டு கையாலயும் வெடுக்குன்னு இழும். மடிப்பு விழுந்த கோட்டுலதான் முதல்ல கிழியும். அடிப்பக்கம் தரையிலருந்து ஒரு முழம், அதுக்கு மேல உயரம் வேண்டாம். கீழ கனத்த சமுக்காளம் மடிச்சுப் போடும். தொட்டில் கம்பு கட்டாயம் வேணும், துணி மூஞ்சில மூடாம அதுதான் விரிச்சுப் பிடிக்கும். கம்பு முனையில வெட்டு இருக்கும், அதுல நூல்கயிறு போட்டுத் துணியோட கட்டிரும். சும்மா சொருகி வச்சா ஒருநாள் பிள்ளை நெத்தியிலதான் விழும். கம்பு காத்துக்குத்தான், அக்கா சொன்ன தாடை விசயத்தை அது தீர்க்காது.

ஸ்பிரிங் தொட்டில்னா ஸ்பிரிங்குக்கு உள்ள கூடி ஒரு கயிறு ஓடணும், ஸ்பிரிங் முழுக்க நீளுத அளவைவிட நாலு விரல் கூடுதலா. ஸ்பிரிங் களைச்சு அத்துப்போனா அந்தக் கயிறு பிடிச்சுக்கிடும். வாய் திறந்த எஸ் கொக்கி போடாம, மரை போட்டு மூடுத வளையம் போடும்.

பிள்ளை புரள ஆரம்பிச்சா, இல்லன்னா கையூனி எந்திரிச்சா தூளியோட வேலை முடிஞ்சுது. அவுத்து மடிச்சு வச்சிரும். சும்மா தொங்க விட்டா மூத்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதாவது கழுத்தைக் குடுத்துச் சுத்தி விளையாடும். அப்படி உயிரே போயிருக்கு. பகல்ல ஆட்டாத நேரத்துலயும் துணியைச் சுருட்டி மேல கட்டி வையும்.

பழைய மரத்தொட்டில் யாராவது குடுத்தா, கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல இருக்கப் பிடாது. மூணு விரல் போகலாம், நாலு விரல் சேர்ந்து போகப் பிடாது. உடம்பு நுழைஞ்சு தலை மாட்டிக்கிடும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும். ஈயத்துக்குக் கட்டுப்பாடு 2017 நவம்பர்லதான் வந்தது. அதனால வீட்டுக்குள்ள வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீரும், அந்தத் தூசிதான் விஷம். அம்பாசமுத்திரம் பக்கம் கடசல்காரங்ககிட்ட நடைவண்டியும் இப்பமே சொல்லி வைக்கலாம், ஆனா அது பிள்ளை தானா எந்திரிச்சு நின்ன பொறவுதான். சக்கரம் வச்சு உள்ள உக்கார வைக்குத வாக்கர் மட்டும் வேண்டாம். கனடாவுல 2004லயே தடை பண்ணிட்டான், பிள்ளைங்க படிக்கட்டுல உருண்டு விழுந்ததுதான் காரணம்.

கொடியில்_துணி:
துணிக் கணக்கு என் பங்கு. முதல் வாரம் கழிஞ்சா பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை மூத்திரம் போகும், அதுக்கு மேலயும் போகலாம். வெயில்னா இருபத்தஞ்சு துணியில ஓட்டிரலாம். ஐப்பசி கார்த்திகைல ஒரு துணி காய ரெண்டு நாள் ஆகும், அதனால நாப்பது வச்சுக்கோங்க. காசு குடுத்து வாங்க வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணைக் கரையை வெட்டிட்டு 60 செ.மீ. சதுரமாக் கிழிச்சா பன்னெண்டு வரும். நாலு வேட்டி போதும். கரை உரசும், அதான் வெட்டச் சொல்லுதேன். ராத்திரிக்கும் வெளியூருக்கும் டயப்பர் வச்சுக்கலாம், ஆனா மொத்தமா வாங்காதீங்க, முதல் அளவு சில வாரத்துலயே சின்னதாப் போயிரும்.

இப்பம் முக்கியமான ஒண்ணு. பீரோவுல இருந்த வேட்டி, சேலை, கம்பளி எல்லாத்துலயும் அந்துருண்டை வாசம் இருக்கும். சில பிள்ளைகளுக்கு ரத்தத்துல ஜி6பிடிங்கிற நொதி குறைவா இருக்கும். அந்துருண்டையில உள்ள நாப்தலின் பட்டா ரத்த அணு உடைஞ்சு மஞ்சக்காமாலை ஏறிரும். எந்தப் பிள்ளைக்குன்னு முன்கூட்டியே தெரியாது. அதனால புரட்டாசி வெயில் இருக்கும்போதே எல்லாத்தையும் எடுத்து ரெண்டு தடவை துவைச்சு, வாசம் சுத்தமாப் போற வரைக்கும் காய வச்சு, உருண்டை இல்லாத பெட்டியில போடுங்க. புதுத் துணியானாலும் கஞ்சி போக ரெண்டு அலசு.

துவைக்குதது: பீத்துணியை முதல்ல பச்சைத் தண்ணில அலசணும். வெந்நீர் ஊத்துனா கறை பிடிச்சுக்கிடும். பொறவுதான் சோப்பும் வெந்நீரும். சோப்பு நுரை ஒட்டாம மூணு அலசு, வாசனைத் திரவம் வேண்டாம். மழைக்கு வராந்தாவுல கொடி கட்டி டேபிள் ஃபேன் வைங்க. முக்கால்வாசி காஞ்சதும் இஸ்திரி போட்டுட்டு, சூடு ஆறினதும் மடிங்க. ஈரத்தோட மடிச்சா கரும்புள்ளி பூக்கும், மக்கல் வாடை வரும், இடுக்குல புண்ணாகும். அடுப்பு மேல, சாம்பிராணிக் கூடை மேல காய வைக்காதீங்க.

பத்தமடைப் பாய் கல்யாணத்துக்குக் குடுக்குத பட்டுப்பாய்னா சுவத்துல மாட்டுங்க, மூத்திரத்துக்குத் தாங்காது. பிள்ளைக்குச் சாதாக் கோரை போதும். நனைஞ்சா உடனே ஈரத்துணியால துடைச்சு நிழல்ல நிமுத்தி வச்சுக் காய வைங்க. மடிக்காதீங்க, கோரை ஒடிஞ்சு குத்தும். சுருட்டுங்க.

பைபாஸ்_சாரதி:
கார் சீட்டு வேணும் அண்ணாச்சி. மடியில வச்சா சடன் பிரேக்குக்கு யார் கையும் தாங்காது. பிறந்ததுலருந்து பின்னோக்கிப் பாக்குத வகை வாங்குங்க, பொதுவா 13 கிலோ வரைக்கும் வரும். பின்சீட்டுலதான் மாட்டணும். ஏர்பேக் உள்ள முன்சீட்டுல வச்சா ஏர்பேக்கே அடிச்சிரும். உங்க கார்ல ஐசோஃபிக்ஸ் கொக்கி (பிள்ளை சீட்டைக் காரோட நேரா மாட்டுத கொக்கி) இல்லன்னா சீட் பெல்ட்ல மாட்டுத மாடலாக் கேளுங்க. பிள்ளையைச் சீட்டோட கட்டுத பெல்ட் அதோட தோளுக்குச் சமமா, இல்லன்னா கொஞ்சம் கீழருந்து வரணும். ரெண்டு விரலால பெல்ட்டைக் கிள்ளுனா கையில சிக்கக் கூடாது. கனத்த கம்பளிச் சட்டை போட்டுப் பெல்ட் மாட்டாதீங்க, மேலால போத்துங்க. தலை முன்னால சாயாத மாதிரி சாய்வு வச்சு, அரைமணிக்கு ஒரு தடவை சேரன்மாதேவி மாதிரி எங்கயாவது நிறுத்தி எடுத்து நிமித்துங்க. வீடு வந்த பொறவும் அதுலயே தூங்கவிடக் கூடாது.

பைக்குக்கும் சேத்துச் சொல்லிருதேன். 9 மாசத்துக்கு மேல 4 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு ஓட்டுதவரோட சேத்துக் கட்டுத பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேணும், வேகம் 40க்குள்ள. 2023 பிப்ரவரியிலருந்து விதி. கைப்பிள்ளையை வண்டியில கூட்டிட்டே போகாதீங்க.

பெருமாள்புரம்_மருமவன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செட்டுல வலையை மட்டும் தனியாத் தருவாங்களான்னு கேக்கேன். ஒரே ஒரு சிக்கல். பதினாறாம் நாள் பிள்ளையைத் தொட்டில்ல போட்டுப் பேர் விடணும்னு ஆச்சி பிடிவாதமா நிக்காங்க. வேண்டாம்னு சொன்னா வீட்டுல சண்டை வரும்.

வார்டு_அக்கா:
எதுக்கு வேண்டாம்னு சொல்லணும்? அன்னைக்கு அத்தனை பேரும் சுத்தி நின்னு மூஞ்சியத்தான பாத்துட்டு இருப்பாங்க. கம்பு போட்ட தொட்டில்ல மல்லாக்கப் போடுங்க, தாடை நிமிந்திருக்கட்டும். மூணு தடவை பேரைச் சொல்லி, ரெண்டு ஆட்டு ஆட்டி, தாய் கையில குடுத்திருங்க. தொட்டில்ல தொங்குத கிலுக்கு, பூச்சரம் எதுவும் பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. கழுத்துல கருப்புக் கயிறு கட்டச் சொன்னா அரையில கட்டிக்கலாம்னு சொல்லிப் பாருங்க. வசம்பு வளையலையும் கழட்டிருங்க, அது நேரா வாய்க்குத்தான் போகும்.

உளியும்_சுத்தியலும்:
முந்தின நாளே அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டுப் பாத்திரும். விசேச வீட்டுல காலையில சோத்துக்கு அரிசி தேடுவாங்க, அதுக்குள்ள அவுத்துக் குடுத்துரும்.