குடும்ப ஜெபத்தை யார் நடத்துவது?

வாட்ஸ்அப் குழு: கீழத்தெரு ஜெபக்குழு

கடைசி வீட்டு அக்கா, இரவு 7:42
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அப்பா நைட் ஷிப்ட் போற வீடுகள்ல வாரத்துல 3 நாள் குடும்ப ஜெபமே நின்னு போகுது. "குடும்பத் தலைவர்தான் நடத்தணும்"னு சொல்லுதாங்க. அம்மா நடத்தக் கூடாதா ஐயா?

உபதேசியார் ஐயா, 7:50
நடத்தலாம்மா, நடத்தணும். 2 தீமோத்தேயு 1:5 பாருங்க. தீமோத்தேயுவோட விசுவாசத்தைப் பத்திச் சொல்லும்போது பவுல் பேர் சொல்றது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும்தான். தீமோத்தேயுவோட அப்பா கிரேக்கர், அப்போஸ்தலர் 16:1. அங்கேயும் விசுவாசின்னு சொல்றது அம்மாவைத்தான்.

மேலவீட்டு மாமா, 7:53
மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு எபேசியர் 5:22 சொல்லுதே, அப்போ அது என்ன ஆகுது ஐயா?

உபதேசியார் ஐயா, 8:01
22ல தொடங்குறதாலதான் இந்தக் குழப்பம். 21லருந்து வாசிங்க. "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்"னு முதல்ல எல்லாருக்கும் பொதுவா வருது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலதுல 22ம் வசனத்துக்குன்னு தனி வினைச்சொல்லே கிடையாது. 21ல உள்ள சொல்தான் அங்கேயும் பொருள் தருது. அதுக்கப்புறம் மனைவிக்குச் சொல்றது 24 வரைக்கும். புருஷனுக்குச் சொல்றது 25ல ஆரம்பிச்சு 33 வரை போகுது, அதுவும் கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்த அளவுக்கு அன்புகூரணும்னு. தலைமைக்கு அங்க உள்ள அளவுகோல் அதுதான், அதிகாரம் இல்ல. ஷிப்ட்டுக்குப் போற அப்பா அன்னைக்கு வாசிக்கிற வேதபகுதியைக் குறிச்சு வச்சுட்டுப் போகட்டும். நடத்துறது யாரா இருந்தாலும் சரி.

ஞாயிறு பள்ளி டீச்சர், 8:09
15 நிமிஷம் போதும் அக்கா. பாட்டுக்கு 3 நிமிஷம், சங்கீதத்துக்கு 2, வேதபகுதிக்கு 3, அதைப்பத்திப் பேச 2, ஜெபத்துக்கு 5. வேதபகுதி 10, 12 வசனத்துக்கு மேல வேண்டாம். ஒரு கதை பாதியில நிக்காத இடமாப் பார்த்து நிறுத்துங்க.

வாசிக்கத் தெரியாத பிள்ளை இருந்தா 136ம் சங்கீதத்துல தொடங்குங்க. 26 வசனம், ஒவ்வொண்ணும் "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு முடியுது. நடத்துறவங்க முன்பாதி, பிள்ளைகள் பின்பாதி. 3 வயசுப் பிள்ளையும் நாலாவது வசனத்துல சேர்ந்துடும். அதுவே வேகத்தைக் கூட்டினா பிள்ளைகள் விட்டுடுவாங்க. அவங்க "என்றுமுள்ளது" முடிக்கிற வரை அடுத்த வசனத்தை எடுக்காதீங்க. பெரிய பிள்ளைகளுக்கு 119. 8 வசனமாப் பிரிச்சா 22 ராத்திரி.

கடைசி வீட்டு அக்கா, 8:12
பிள்ளைகள் நடத்தலாமா டீச்சர்?

ஞாயிறு பள்ளி டீச்சர், 8:16
வாரத்துல ஒரு நாள் கொடுங்க. பகுதியைக் காலையிலேயே சொல்லிடணும். ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பார்க்காம நடத்த விடக் கூடாது. நடுவுல உச்சரிப்பைத் திருத்தாதீங்க, முடிஞ்ச பிறகு தனியாச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஜெபத்துக்குள்ள வச்சுப் பிள்ளையைக் கண்டிக்காதீங்க. "ஆண்டவரே, இவன் கணக்குல மார்க் வாங்கணும், போனைத் தொடாம இருக்கணும்"னு. இதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் ஜெபத்துக்கு ஒளிய ஆரம்பிக்குதாங்க. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீங்கன்னு எபேசியர் 6:4 தகப்பன்மாருக்கு எழுதினது.

கொயர் அண்ணன், 8:24
பாட்டு எடுக்குறவங்களுக்கு. பல்லவி வசதியா இருக்குன்னு அந்தச் சுருதியிலேயே தொடங்காதீங்க. கீர்த்தனை, பல்லவிக்கு அடுத்து வர்ற அனுபல்லவியில மேல ஏறும். அந்த உச்சி வரியை முதல்ல வாய்க்குள்ள முனகிப் பாருங்க. அங்க தொண்டை இறுகுச்சுன்னா ஒரு கட்டை இறக்கித் தொடங்குங்க. 2 சரணம் போதும். எதுன்னு முன்னாலயே சொல்லிடுங்க, இல்லன்னா ஆளுக்கொரு சரணம் பாடுவாங்க. பின்பாடுறவங்களுக்கும் வேலை இருக்கு. எடுக்குறவரை முந்தாம, இழுக்காம, அவர் மூச்சு விடுற இடத்துல நீங்களும் விடணும்.

மேலவீட்டு மாமா, 8:30
வெள்ளிக்கிழமை நம்ம வீட்டு ஜெபக்கூட்டம். போன தடவை 9:45 ஆயிடுச்சு. ஒரே விண்ணப்பத்தை நாலு பேர் ஏறெடுத்தாங்க.

உபதேசியார் ஐயா, 8:37
அது நடத்துறவர் கையில இருக்கு மாமா. விண்ணப்பங்களை ஜெபத்துக்கு முன்னாலயே கேட்டு எழுதிக்கிடுங்க. 6 விண்ணப்பம்னா 6 பேருக்குப் பேர் சொல்லிப் பிரிச்சுக் கொடுங்க, ஆளுக்கு 2 நிமிஷம். மத்தவங்க அமைதியா ஒருமனப்பட்டு "ஆமென்" சொன்னா அதுவும் ஜெபம்தான். வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுறவங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், வேதவாசிப்பு கொடுங்க. வாசிக்கிறவங்க புத்தகம், அதிகாரம், வசனம் ரெண்டு தடவை சொல்லிட்டு, தாள் புரளுற சத்தம் நின்ன பிறகு தொடங்கணும்.

ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் நடத்துற கூட்டத்துல நான் இருந்தா "ஐயாவே முடிச்சு வைக்கட்டும்"னு மைக்கை என்கிட்ட தள்ளாதீங்க. 1 பேதுரு 5:3 மூப்பருக்கு ஆளச் சொல்லல, மாதிரியா இருக்கச் சொல்லுது. கீழ உக்காந்து ஆமென் சொல்லவும் நான் மாதிரியா இருக்கணும்ல.

மேலவீட்டு மாமா, 8:41
சரிங்க ஐயா. விண்ணப்பம் எழுத நோட்டு நான் எடுத்து வைக்கேன். நடத்துறது எங்க வீட்டு அம்மா.

கடைசி வீட்டு அக்கா, 8:44
இன்னைக்கு எங்க வீட்ல 136. முன்பாதி நான், பின்பாதி பிள்ளைகள். 🙏