உப்புக்கு வரி போடும் ராஜ்யம்: எல்லையில என்ன வைக்கலாம்?

கேள்வி:
ரெண்டு வருஷமா ராத்திரி முழிச்சு ஒரு ஆர்பிஜி கேம் (ஆடுறவங்களே கதாபாத்திரமா மாறி ஆடுற கதை விளையாட்டு) பண்ணிட்டிருக்கேன். உப்பை அரசே பதுக்கி விக்கிற நாடு. உப்பு தின்னாத்தான் மந்திரம் பலிக்கும். நாயகி கடத்தல்காரி. எல்லையில கோட்டைச்சுவர் வச்சேன், சப்புனு இருக்கு.

பதில் 1:
சுவரைத் தூக்குங்க, உயிர்வேலி வைங்க. வெள்ளைக்காரன் நிஜமாவே உப்பு வரிக்காக வட இந்தியாவுக்குக் குறுக்க கருவேலம், இலந்தை, களான்னு முள்வேலி வளர்த்தான். 1879-லதான் கைவிட்டாங்க.

பதில் 2:
வேலிக்குத் தண்ணி ஊத்துற காவலாளியை வில்லனாக்கிடாதீங்க. அவன் வீட்டுக் கஞ்சியிலயும் உப்பு இருக்காது.

கேட்டவர்:
அட! வறட்சியில வேலி காய்ஞ்சு ஓட்டை விழுற மாசம்தான் முதல் அத்தியாயம். இலந்தைப்பழம் பறிச்சா உயிர் ஏறணுமா, காவலாளி முழிச்சுக்கணுமா?

பதில் 2:
ரெண்டும்.