ஜூடோ உடுப்பு: பாரமானதா, மெல்லியதா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட். கிழமைக்கு மூன்று நாள் ஜூடோ. இரவல் உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 750 கிராம் இரட்டை நெசவு வாங்கவா, 350 கிராம் ஒற்றை நெசவு போதுமா?

பதில்: அண்ணா, நான் முதலில் பாரமானதைத்தான் வாங்கினேன். ஒக்டோபர் மழைக்கு பல்கனியில் இரண்டு நாள் தொங்கியும் கொலருக்குள் ஈரம். 100ஆம் நம்பர் பஸ்ஸில் அதன் மணம் தாங்காமல் பக்கத்தில் இருந்த அக்கா எழும்பிப் போய்விட்டார்! மெல்லியதே இரண்டு எடுங்கள்.

இன்னொரு பதில்: தம்பி சொல்வது சரி. ஆனால் மெல்லிய உடுப்பின் கையை எதிராளி சுலபமாகச் சுருட்டிப் பிடிப்பான். தடித்த துணி அவன் விரலைக் களைக்க வைக்கும். போட்டி எண்ணம் இருந்தால் பிறகு ஒரு தடித்தது.

கேட்டவர்: பருத்தி சுருங்குமா?

பதில்: சுருங்கும் அண்ணா, உடுப்பின் கைதான் முதலில் ஏறும். சுடுதண்ணீரில் போடாதீர்கள்.