பாதி விலைப் பட்டாசு: பணம் அனுப்பும் முன் எதைப் பார்க்கணும்?

மஞ்சக்குப்பம் வாசகி

வணக்கம். இன்ஸ்டாகிராமில் சிவகாசிக் கடை ஒன்றின் விளம்பரம் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் 80 சதவீதம் தள்ளுபடி, கடலூர், புதுச்சேரி முழுக்க வீட்டுக்கே இலவசமாகக் கூரியரில் வருமாம். வாட்ஸ்அப்பில் கேட்டால் விலைப்பட்டியல் அனுப்பி, இன்று இரவுக்குள் முழுப் பணமும் கட்டினால்தான் இந்த விலை என்கிறார்கள். ஜிஎஸ்டி எண், லைசென்ஸ் படம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். பணம் கட்ட ஒரு க்யூஆர். தெருவில் நாலு வீடு சேர்ந்து 9,000 ரூபாய்க்கு வாங்கலாம் என்று பேச்சு. நிஜக் கடையா என்று வீட்டிலிருந்தே எப்படிச் சரிபார்ப்பது?

கெடிலக்கரை

80 சதவீதத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீங்க. பட்டாசுப் பெட்டியில் அச்சடித்த விலையே ஏகத்துக்கும் ஏற்றி வைத்தது. சிவகாசியில் நிஜக் கடைகளும் அந்த அளவு தள்ளுபடி போடுவார்கள். எனக்குச் சந்தேகம் வருவது 'வீட்டுக்கே கூரியரில்' என்ற இடத்தில். பட்டாசு வெடிபொருள், அதைத் தபாலில் அனுப்பவே கூடாது. வெளியூருக்கு வருவது லாரி பார்சலில்தான், நாம்தான் லாரி ஆபீசுக்குப் போய் எடுத்து வரணும். இது தெரியாதவன் பட்டாசு வியாபாரியாக இருக்க முடியாது.

இன்னொன்று. இணையதளத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உத்தரவு போட்டது. அதனால்தான் பல தளங்களில் பணம் கட்டும் பட்டன் இருக்காது, 'என்கொயரி' என்று இருக்கும். பட்டியலை அனுப்பினால் கடைக்காரர் போனில் கூப்பிடுவார். க்யூஆரை நீட்டி 'இப்பவே கட்டு' என்கிறவன் அந்த உத்தரவையும் கண்டுகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது ஜிஎஸ்டி எண். ஜிஎஸ்டி டாட் கவ் டாட் இன் போய் 'சர்ச் டாக்ஸ்பேயர்' திறந்து எண்ணைப் போடுங்க, லாகின் வேண்டாம். மொத்தம் 15 இடம். முதல் இரண்டும் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. சிவகாசிக் கடை என்று சொல்லிவிட்டு 07 என்று ஆரம்பித்தால் அது டெல்லிப் பதிவு. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பதிவு 'ஆக்டிவ்' ஆக இருக்கா, எந்தத் தேதியில் பதிந்தது, கடை முகவரி எது என்று வரிசையாக வரும். பொருள் குறியீடு காட்டினால் பட்டாசுக்கு 3604 இருக்கணும். ஜவுளிக் குறியீடு இருந்தால் யாரோ ஒரு துணிக்கடையின் எண்ணைச் சுட்டிருக்கிறான்.

சுட்ட எண் நிஜப் பட்டாசுக் கடையுடையதாகவும் இருக்கலாம். அப்போது மேலே சொன்ன எல்லாமே சரியாக வந்து உங்களை ஏமாற்றிவிடும். அதனால் கடைசிச் சோதனை பணம் போய்ச் சேரும் பெயரில். க்யூஆரை ஸ்கேன் செய்து நிறுத்துங்க, யுபிஐ பின் எண்ணைப் போடாதீங்க. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் வரும். அது ஜிஎஸ்டி பக்கத்தில் இருக்கும் கடைப் பெயராகவோ உரிமையாளர் பெயராகவோ இருக்கணும். இரண்டும் இல்லாமல் சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயர் வந்தால், 'அது எங்க அக்கவுன்டன்ட்' என்று என்ன சமாதானம் சொன்னாலும் அனுப்பாதீங்க. லைசென்ஸ் படத்திலும் இதே பெயரும் முகவரியும் இருக்கா என்று பாருங்க. படம் இருப்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது.

முத்தியால்பேட்டை

வங்கிக் கணக்கு எண் கொடுத்தால் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தேடிப் பாருங்க. 11 இடத்தில் முதல் நாலு வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மீதி ஆறும் கிளை. கடை சிவகாசியில், கிளை வடக்கே எங்கோ என்றால் அங்கேயே நிறுத்திக்கணும். பில் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடவே தொடாதீங்க. அதை நிறுவினால் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். உண்மையான பில் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ வரும்.

மஞ்சக்குப்பம் வாசகி

ரொம்ப நன்றி. க்யூஆரில் ஒரு தனிநபர் பெயர்தான் வருகிறது, ஜிஎஸ்டி பக்கத்தில் வேறு பெயர். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா நேற்றே 2,000 அனுப்பிட்டாங்களாம். இப்போது லாரி ரசீது படம் அனுப்பி, 'வாடகை 1,150 கட்டினால்தான் பெட்டி இறங்கும், அப்புறம் திருப்பித் தருவோம்' என்கிறான். அவங்க வீடு கடலூர், வங்கிக் கணக்கு புதுச்சேரிக் கிளையில். எங்கே புகார் கொடுப்பது?

வங்கி மேசை

அந்த 1,150-ஐ அனுப்ப வேண்டாம் என்று முதலில் அக்காவிடம் சொல்லுங்க. அதைக் கட்டினால் அடுத்து இன்சூரன்ஸ், அதற்கப்புறம் வரி என்று கேட்டுக்கொண்டே இருப்பான்.

இப்பவே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் போடச் சொல்லுங்க. பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாறும் முன் புகார் பதிவானால் அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: 12 இலக்க யுடிஆர் எண் (பணப் பரிவர்த்தனையின் அடையாள எண், யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் இருக்கும்), தேதி, நேரம், தொகை, அவன் யுபிஐ ஐடி, போன் எண். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கவோ அவனை பிளாக் செய்யவோ வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும், விளம்பரப் பக்கத்தின் முகவரியோடு.

போனில் கிடைக்கும் புகார் எண்ணை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் மீதி விவரத்தையும் ஏற்றிடணும். மாநிலம் கேட்கும் இடத்தில் குடியிருக்கும் தமிழ்நாட்டைப் போட்டால் போதும், கணக்கு புதுச்சேரியில் இருப்பது தடையில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் 'இது எங்க எல்லை இல்லை' என்று அலைக்கழிக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்தாகணும்.

வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கணும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணமும் தரும் என்று பரவுகிற செய்தி, நமக்குத் தெரியாமல் மூன்றாம் ஆள் புகுந்து எடுத்த பணத்துக்கான ரிசர்வ் வங்கி விதி. நாமே பின் போட்டு அனுப்பியதற்கு அது பொருந்தாது. அதனால்தான் 1930-ஐ முதலில் கூப்பிடச் சொல்கிறேன்.

புகார் கொடுத்த பிறகு 'சைபர் பிரிவிலிருந்து பேசுறோம், பணம் வந்துடுச்சு, இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க' என்று போன் வரலாம். பணம் வாங்கிக்கொள்ள பின் எப்போதும் தேவையில்லை. லாரி ரசீதையும் சோதிக்கலாம்: அதில் இருக்கும் போன் எண்ணை விட்டுவிட்டு, அந்த லாரி சர்வீஸின் கடலூர் புக்கிங் ஆபீசுக்கு நேரில் போய் ரசீது எண்ணைக் காட்டினால் பார்சல் இருக்கா இல்லையா என்று பார்த்துச் சொல்வார்கள். இல்லை என்றால் அதையும் புகாரில் சேர்க்கச் சொல்லுங்க.