கீழ்ப்பிரிவுகளில் ஆடிய ரைட் பேக் பெரிய மேலாளர் ஆனது எப்படி? கிறிஸ் வைல்டர் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (பென்னாகரம்):
ஐயா, வணக்கம். நான் மாவட்டப் போட்டிகளுக்கு மேல் ஆடியிராத ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்பு வீரர். இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வேளைகளில் கால்பந்து கற்றுத் தருகிறேன். பெரிய அளவில் ஆடாதவர் சொன்னால் பையன்கள் கேட்பார்களா என்று பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள். இங்கிலாந்தின் கிறிஸ் வைல்டரும் பெரும்பாலும் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய ரைட் பேக் என்று படித்தேன். அவர் மேலாளராக, இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் வரை வந்த வழியையும், ஸ்டாப்பர்களை (நடுத் தற்காப்பு வீரர்களை) முன்னே ஓடவிடும் அவருடைய ஆட்டமுறையையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ஓசூர்):
வைல்டர் படிப்படியாகவே மேலே வந்தார். 2001இல் ஆல்ஃப்ரெட்டன் டவுன் என்னும் சிறு அணியில் தொடங்கி, ஹாலிஃபாக்ஸ் டவுனில் ஆறாண்டுகள் இருந்தார். அந்தக் கழகம் 2008இல் கடனில் மூழ்கிப்போனது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை 2010இல் மீண்டும் ஃபுட்பால் லீகுக்குள், அதாவது பிரீமியர் லீகுக்குக் கீழுள்ள மூன்று பிரிவுகளுக்குள், கொண்டுவந்தார். நான் மிக உயர்வாக மதிப்பது நார்த்தாம்ப்டன் டவுனில் அவர் கண்ட 2015–16 பருவத்தைத்தான். வரி பாக்கிக்காக வழக்கு, சம்பளத் தட்டுப்பாடு என்று கழகமே நிலைக்குமா என்றிருந்த நேரத்தில், வீரர்கள், ஊழியர்கள் பக்கம் நின்று உரிமையாளர் மாற வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியபடியே, 99 புள்ளிகளுடன் நான்காம் பிரிவின் பட்டத்தை வென்று கொடுத்தார். அடுத்த பருவத்தில் ஷெஃபீல்டு யுனைடெட்டில் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைத்தது. முடிவிலோ 100 புள்ளிகளுடன் மூன்றாம் பிரிவின் பட்டம். 2019இல் பிரீமியர் லீக், அங்கே முதல் பருவத்திலேயே ஒன்பதாம் இடம். பெற்றோரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில் (கிருஷ்ணகிரி):
இன்னொரு மேலாளரான ஷான் டைச்சையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் பிரிவு அணியான செஸ்டர்ஃபீல்டின் ஸ்டாப்பராக 1997 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மிடில்ஸ்பரோவுக்கு எதிராகப் பெனால்டி கோல் அடித்தவர் அவர். பின்னாளில் பர்ன்லியை 2017–18 பருவத்தில் பிரீமியர் லீகின் ஏழாம் இடத்துக்கு உயர்த்தினார்.

பதில் (காவேரிப்பட்டினம்):
ஆட்டமுறையைப் பற்றிச் சொல்கிறேன். வைல்டரின் ஷெஃபீல்டு யுனைடெட்டில் மூன்று ஸ்டாப்பர்களில் நடுவே ஜான் ஈகன் நிற்க, வலப்புறம் கிறிஸ் பாஷமும் இடப்புறம் ஜாக் ஓ'கானலும் தங்கள் பக்கத்து விங் பேக்கையும் (ஓரமாக மேலும் கீழும் ஓடி ஆடுபவரையும்) தாண்டிக் கோட்டோரமாக ஓடுவார்கள். எதிரணி முழுவதும் கோலுக்கு முன் குவிந்து நிற்கும்போது, யாரும் கணக்கில் வைக்காத ஓர் ஆள் அந்த ஓரத்தில் கூடிவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற இடத்தை நடுக்கள வீரர் ஒருவர் இறங்கிக் காக்கிறார். இதற்கு அந்த இருவரின் கால்களும் எவ்வளவு தேவைப்பட்டன என்பதை 2020–21 காட்டியது. ஓ'கானல் முழங்கால் காயத்தால் இரண்டே ஆட்டங்களோடு விலக, அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. அந்த மார்ச்சில் வைல்டரும் விலகினார். காயம் மட்டுமே காரணமன்று என்றாலும், அந்த இழப்பு பெரிது.

ஆகவே உங்கள் பையன்களுக்கு ஓட்டத்தை முதலில் கற்றுத்தர வேண்டாம். வலப்பக்க ஸ்டாப்பர் கிளம்பியதும் மற்ற இருவரும் அவர் பக்கமாக நகர வேண்டும், நடுக்கள வீரர் குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் இறங்க வேண்டும். அந்த நொடியில் விசில் ஊதி எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்லி, எந்த இடைவெளி திறந்து கிடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். பந்தில்லாமல் இது சரியாக வந்த பிறகு பந்தைக் கொடுங்கள்.